மல்பெரியில் மாவுப்பூச்சி வந்த காலம்: உங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்

உடுமலை பட்டுக்காரன்

2009ல் பட்டு வளர்த்தவர்களுக்கு, இலைச் சாற்றை உறிஞ்சுகிற மாவுப்பூச்சியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கோவையில் பப்பாளி மரத்தில் 2008ல் கண்டுபிடித்தார்கள், அடுத்த வருஷமே பட்டுப்புழுவுக்கு இரையாகிற எங்கள் மல்பெரியில் ஏறிவிட்டது.

எனக்கு மனசை விட்டுப் போகாதது ஒரே ஒரு காட்சி. புழு வளர்க்கிற மனையில், புழு கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவம். மொத்தத் தழையில் முக்கால் பங்குக்கு மேல் அந்த ஒரு பருவத்தில்தான் தின்னும், தெரியுமே. தோட்டத்தில் நுனிக் கிளை எல்லாம் முறுக்கிக்கொண்டு, இலையடியில் வெள்ளை வெள்ளையாக அப்பிக் கிடந்தது. மருந்து அடித்தால் வாடை போகிற வரைக்கும் தழை போட முடியாது. ஐந்தாம் பருவப் புழு அதுவரைக்கும் பொறுக்காது. அம்மா சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் விட்டுக் கிளை கிளையாக அலசினார். மெழுகுப் பூச்சு என்பதால் தண்ணீர் அதன் மேல் ஒட்டவே இல்லை. விரலால் வழித்தால் மஞ்சளாகச் சாறு. ஈரத் தழை போட்டால் புழுவுக்கு நோய் வரும் என்று, அலசிய ஒவ்வொரு கிளையையும் பழைய சேலையில் ஒற்றி ஒற்றி எடுத்தார். உள்ளே போய்ப் பார்த்தால் தட்டு முழுக்கப் புழு தலையைத் தூக்கிக்கொண்டு, இரை தேடி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. தின்கிற சத்தமே இல்லாத மனை. அந்த அமைதி இன்னும் காதில் இருக்கிறது.

எங்கள் பக்கம் மல்பெரியை வேரோடு பிடுங்கித் தென்னை வைத்தவர்கள் நிறையப் பேர்.

நாமக்கல் மரவள்ளி

அண்ணா, எங்களுக்கு இது இரண்டு தடவை வந்தது. முதலில் நீங்கள் சொல்கிற பப்பாளி மாவுப்பூச்சி. அப்புறம் 2020ல் கேரளாவில் தென்பட்டு, பின்னாலேயே எங்கள் பக்கம் வந்த மரவள்ளி மாவுப்பூச்சி. இது வேறு இனம். கொழுந்து வளராமல் முட்டைக்கோஸ் மாதிரி சுருண்டு நின்றுவிடும். கிழங்கு தேறாவிட்டால் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரர் லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

இதற்கு, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைத்து அதைக் கொல்கிற ஒரு குளவியை ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து கொண்டுவந்து வளர்த்து, 2022ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வெளியே விட்டார்கள். பின்னாடி எங்கள் காட்டுக்கும் ஒரு குப்பி வந்தது. மூடியைத் திறந்தேன். பறந்து போகும் என்று நினைத்தால், வாய் விளிம்பில் வந்து நின்று மீசையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. எள்ளில் பாதி இருக்காது. பிறகு ஒன்று இலைக்கு நடந்து போய், ஒரு மாவுப்பூச்சியை மீசையால் தட்டித் தட்டிப் பார்த்து, திரும்பி நின்று பின்பக்கத்தால் குத்தியது. பெரியப்பா பக்கத்தில் நின்று, "இதுவாடா ஆலையைக் காப்பாத்தப் போகுது?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் குளவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காங்கேயம் வெயில்

எல்லோரும் குளவியைக் கொண்டாடுகிறீர்கள். பப்பாளி மாவுப்பூச்சிக்கும் 2010ல் குளவி விட்டார்கள், அந்த வருஷக் கடைசியில் அது குறைந்தது உண்மை. ஆனால் அதே சமயம் ஐப்பசி மழை. அடித்துப் பெய்கிற மழையில் மாவுப்பூச்சி கழுவிக்கொண்டு போகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் பருத்தியில் யாரும் குளவி விடவில்லை, அங்கேயும் குறைந்தது.

கோபி தோட்டம்

வெயில் சார், மழையில் குறையும், மறுக்கவில்லை. ஆனால் மழைக்குக் குறைந்தது மாசி, பங்குனி வெயிலில் திரும்ப ஏறும். அதுதான் அதன் குணம். என் தோட்டத்தில் 2011 கோடையில் ஏறவில்லை. உங்கள் பருத்திக்கு யாரும் விடாவிட்டாலும் அது தானாகவே வந்திருக்கும், குளவி வரப்பு பார்த்து நிற்காது. போர்ட்டோரிக்கோவிலிருந்து 2010ல் மூன்று வகை கொண்டுவந்தார்கள். அதில் அசரோஃபேகஸ் என்கிற ஒன்றுதான் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், இப்போதும் அங்கங்கே மாவுப்பூச்சி தலைகாட்டுகிறது. பார்த்த உடனே மருந்துக்கு ஓடாதீர்கள். முதலில் ஒரு இலையைத் திருப்பிப் பாருங்கள். சில பூச்சி வெள்ளை மாவு போய், பழுப்பாக உப்பி, ஓடு மாதிரி இறுகியிருக்கும். அதில் வட்டமாக ஒரு துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது, துளை இல்லாவிட்டால் உள்ளே இருக்கிறது. அந்த இலையைப் பறித்து எரிக்காதீர்கள். கவாத்து செய்த கிளையையும் உடனே கொளுத்த வேண்டாம். வலை போட்ட கூடையில் வைத்தால் குளவி வெளியே வந்துவிடும், மாவுப்பூச்சி உள்ளேயே காய்ந்து போகும்.

இரண்டாவது, மாவுப்பூச்சிக்கு நடுவே அதைவிடப் பெரிதாக, நீள நீள வெள்ளை நூலோடு வேகமாக ஓடுகிற ஒன்று இருந்தால் அது மாவுப்பூச்சி இல்லை. அதைத் தின்கிற பொறிவண்டின் புழு. நிறையப் பேர் பெரிய மாவுப்பூச்சி என்று இதைத்தான் முதலில் நசுக்குகிறார்கள். குரங்கு முகம் மாதிரி ஒரு சின்னக் கூட்டுப்புழு இலையில் ஒட்டியிருந்தாலும் விட்டுவிடுங்கள், அந்த வண்ணத்துப்பூச்சியின் புழுவும் மாவுப்பூச்சியைத் தின்று வளர்ந்ததுதான்.

மூன்றாவது எறும்பு. மாவுப்பூச்சி விடுகிற இனிப்பு நீருக்காக எறும்பு காவல் நிற்கும், குளவியை அண்டவிடாது. எறும்புப் புற்றைக் கவனியுங்கள். வரப்பில் முளைக்கிற பார்த்தீனியக் களையையும் விட்டுவைக்காதீர்கள், பப்பாளி மாவுப்பூச்சி அதிலும் குடியிருக்கும்.

தர்மபுரி கூடு

தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். கோபி அண்ணன் குளவி என்றதும் எனக்கு ஊசி ஈதான் ஞாபகம் வந்தது. மாவுப்பூச்சி தழையின் சாற்றை உறிஞ்சுகிறது, ஊசி ஈ நேராகப் பட்டுப்புழு மேலேயே முட்டை வைக்கிறது. புழு உடம்பில் கருப்புத் தழும்பு பார்த்தால் உள்ளே ஆள் போயாச்சு.

அங்காடியில் என் பட்டுக்கூட்டைக் கொட்டியபோது ஒரு நூற்பாளர் கை நிறைய அள்ளி, ஒவ்வொன்றாகத் திருப்பினார். நுனியில் துளை உள்ள கூட்டைத் தனியே ஒதுக்கினார். ஈயின் புழு துளைத்து வெளியேறிய கூடு அது. ஆயிரம் மீட்டர் நூல் ஒரே இழையாக வர வேண்டியது, துளை விழுந்ததும் துண்டு துண்டு. ஒதுக்கிய குவியல் ஏறிக்கொண்டே போனது. அவர் ஒன்றும் பேசவில்லை, விலையைச் சீட்டில் எழுதி என் பக்கம் தள்ளினார்.

இப்போது சன்னலுக்கும் கதவுக்கும் நைலான் வலை. ஈயின் கூட்டுப்புழுவைக் கொல்கிற குளவியையும் வாங்கி வைக்கிறேன்.

காங்கேயம் வெயில்

தர்மபுரி தம்பி, வலை நல்ல யோசனை. கோபி சார், துளை விழுந்த ஓட்டைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். என் பருத்தி இலையோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மழையா குளவியா என்று பேசுவேன்.