வேலைவாய்ப்புத் திட்டத்தின் நிகரப் பலனைக் கணக்கிட உதவி தேவை

வணக்கம். கூலி மானியம் தரும் ஒரு வேலைவாய்ப்புத் திட்டத்துக்குச் செலவு-பலன் ஆய்வு செய்கிறோம். இரண்டு இடங்களில் உங்கள் அனுபவம் வேண்டும்.

முதலாவது, இடப்பெயர்ச்சி விளைவு, அதாவது மானிய வேலைகள் மற்ற நிறுவனங்களின் வேலைகளைப் பறிப்பது. உதாரணத்துக்கு, 1000 பேருக்கு வேலை கிடைத்தது என்று வையுங்கள். அதில் 400 பேருக்குத் திட்டம் இல்லாவிட்டாலும் கிடைத்திருக்கும். இன்னும் 150 வேலைகள் மானியம் பெறாத நிறுவனங்களில் பறிபோனவை. மிச்சம் 450தான். ஒரு வேலைக்கான செலவு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது! அந்த 400ஐ ஒப்பீட்டுக் குழு (திட்டத்தில் சேராத, மற்றபடி ஒத்த ஆட்கள்) வைத்துப் பிடித்துவிடலாம். 150ஐ எப்படிப் பிடிப்பது? பக்கத்து வட்டாரங்களை ஒப்பிட்டால், அங்கிருந்தும் ஆட்கள் இங்கே வேலைக்கு வருவதால் ஒப்பீடே கெட்டுப்போகிறது.

இரண்டாவது, நிழல் கூலி, அதாவது உழைப்புக்குச் சமூகம் உண்மையில் கொடுக்கும் விலை. கொடுத்த கூலி முழுவதையும் சமூகச் செலவாக எழுதக் கூடாது; அந்த ஆள் வேறெங்காவது உற்பத்தி செய்திருக்கக்கூடியதும், அவர் இழந்த நேரத்தின் மதிப்பும்தான் செலவு. வேலையின்மை அதிகமுள்ள இடத்தில் இதைச் சந்தைக் கூலியில் எத்தனை சதவீதமாக வைக்கிறீர்கள், எந்தத் தரவை வைத்து?

முன்-பின் ஒப்பீடு போதும் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். திட்டத்தில் சேருவதற்குச் சற்று முன் பலருடைய வருமானம் சரிந்திருக்கும். அது தானாக மீள்வதும் திட்டத்தின் பலன்போலத் தெரியும். பொருளியலாளர் ஆஷென்ஃபெல்டர் 1978லேயே காட்டியது இது. பெருக்கி விளைவையும் (செலவிட்ட பணம் கைமாறி மேலும் வருமானம் உண்டாக்குவதை) சேர்க்கவில்லை, அதே பணத்தை வேறெதில் செலவிட்டாலும் அது வரும்.

நிறுவன அளவில் ஆள்சேர்ப்புத் தரவு வைத்து இடப்பெயர்ச்சியை அளந்தவர்கள் இருந்தால், எந்த மாறிகளை எடுத்தீர்கள், எத்தனை மாதம் தொடர்ந்தீர்கள் என்று எழுதுங்கள்.