போசாக்கும் உடற்பயிற்சியும்: எங்க படிக்கலாம்?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். வெள்ளவத்தையில இருந்து எழுதுறன். தங்கச்சி உயிரியல் பிரிவில உயர்தரம் முடிச்சிட்டா. போசாக்கும் உடற்பயிற்சியும் சேர்த்துப் படிக்கத்தான் ஆசை.

காரணம் அம்மா. சீனி வருத்தம் எண்டு தெரிஞ்ச நாள், ஓட்ஸ், சலட் எண்டு ஒரு தாள் குடுத்து அனுப்பினவை. வீட்டில புட்டும் இடியப்பமும் சொதியும்தான். அதில எவ்வளவு சாப்பிடலாம், சாப்பிட்டு எவ்வளவு நடக்கோணும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. கிழமைக்கு 150 நிமிச மிதமான உடற்பயிற்சி எண்ட உலக சுகாதார நிறுவனத்தின்ர கணக்கைத் தங்கச்சிதான் தேடிச் சொல்லி, விடிய காலிமுகத்திடலுக்குக் கூட்டிக்கொண்டு போறா. அந்த அக்கறை வீணாகக்கூடாது.

வயம்ப பல்கலைக்கழகத்தின்ர மாக்கந்துர வளாகத்தில உணவு விஞ்ஞானமும் போசாக்கும் இருக்கு. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில உடற்கல்வி, விளையாட்டு விஞ்ஞானம். ரெண்டில எதை முதல் போடுறது? படிச்ச ஆக்கள் இருந்தா சொல்லுங்கோ: உடற்றொழிலியல், அதாவது உடம்பு எப்பிடி வேலை செய்யுது எண்ட பாடம், எவ்வளவு ஆழமாப் படிப்பிக்கினம்? முடிச்சாப் பிறகு வேலை எங்க கிடைச்சது? தமிழ்ப் பிள்ளையள் விடுதியில சமாளிக்கினமோ? விண்ணப்பம் நிரப்ப முதல் தெரிஞ்சா பெரிய உதவி.