மாலுமிகள் அல்லாதவர்கள் உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டி: முதலில் தொடங்கியவர் யார்?

சுங்கை சிப்புட் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். சென்ற வாரம் வாசிப்பு நேரத்தில், தாதியரும் கணக்கர்களும் ஓய்வு பெற்றவர்களும் பணம் கட்டிப் பாய்மரப் படகில் ஏறி உலகைச் சுற்றி வருகிறார்கள் என்ற செய்தியைப் படித்தோம். கப்பல் வேலை தெரியாதவர்களை நம்பி யார் படகைக் கொடுத்தது என்று ஒரு மாணவன் கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. எங்கள் பிள்ளைகளில் பலர் கடலைப் பார்த்ததே லூமுட்டுக்குச் சுற்றுலா போன அன்றுதான். இந்தப் போட்டியின் வரலாற்றை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய கிராணி எழுதியது:

வணக்கம் டீச்சர். நீங்கள் படித்தது கிளிப்பர் போட்டியைப் பற்றியதாகத்தான் இருக்கும். அதைத் தொடங்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன். நம் பாட்டன் பாட்டியரை நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஏற்றி வந்த ரஜூலா கப்பல் எந்த நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்ததோ, அதே பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்தில்தான் இவரும் அதிகாரியாக வேலை பார்த்தார் என்பதை உங்கள் மாணவர்களிடம் சொல்லுங்கள். கதை உடனே வீட்டுக் கதையாகிவிடும். பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய, 32 அடி நீளமே கொண்ட சுஹைலி என்ற படகில் அவர் 1968 ஜூன் 14ஆம் நாள் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து தனியாகப் புறப்பட்டு, எங்கும் கரையேறாமல் 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22ஆம் நாள் அங்கேயே திரும்பி வந்தார். தனியாளாக, நிற்காமல் உலகைச் சுற்றி வரும் போட்டி அது. ஒன்பது பேர் புறப்பட்டார்கள். முடித்தவர் இவர் ஒருவரே. கிடைத்த 5,000 பவுண்டு பரிசையும், அதே போட்டியில் உயிரிழந்த டொனால்ட் குரோஹர்ஸ்ட்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

அவரும் வில்லியம் வார்டும் சேர்ந்து தொடங்கிய கிளிப்பர் போட்டி 1996 அக்டோபரில் பிளிமத்திலிருந்து முதன்முறையாகப் புறப்பட்டது. 60 அடி நீளமுள்ள, ஒன்றுபோலக் கட்டிய எட்டுப் படகுகள் அதில் கலந்துகொண்டன. படகுகள் ஒரே மாதிரி இருப்பதால் பணக்காரர் நல்ல படகு வாங்கி வென்றார் என்ற பேச்சுக்கு இடமில்லை. 2005இல் 68 அடிப் படகுகளும், 2013இல் சீனாவின் சிங்தாவ் நகரில் கட்டிய 70 அடிப் படகுகள் பன்னிரண்டும் வந்தன. மாணவனின் கேள்விக்கு விடை என்னவென்றால், படகை அவர்களிடம் அப்படியே கொடுத்துவிடுவதில்லை: ஒவ்வொரு படகுக்கும் சம்பளம் வாங்கும் தலைமை மாலுமி ஒருவர் உண்டு, மற்றவர்கள் நான்கு கட்டப் பயிற்சியை முடித்த பிறகே ஏற்றப்படுகிறார்கள். ஏறத்தாழ 40,000 கடல்மைல், பதினொரு மாதம். முழுச் சுற்றும் போக முடியாதவர்கள் பயணத்தின் ஒரு கட்டத்துக்கு மட்டும் சேரலாம்.

கிள்ளான் துறைமுகத்தார் எழுதியது:

ஐயா சொன்னதில் பிழையில்லை. ஆயினும் தலைப்பில் 'முதலில்' என்று கேட்டிருப்பதால் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கிளிப்பருக்கு நான்காண்டு முன்பே, 1992இல், சே பிளைத் என்பவர் பணம் கட்டிய சாதாரண மக்களைப் பத்து எஃகுப் படகுகளில் ஏற்றி, காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்து மேற்குத் திசையாக உலகைச் சுற்ற அனுப்பினார். பிரிட்டிஷ் ஸ்டீல் சேலஞ்ச் என்பது அதன் பெயர். இதில் சுவையான செய்தி எது தெரியுமா? ஐயா குறிப்பிட்ட அந்த 1968 போட்டியில் பிளைத்தும் புறப்பட்டவர்தான். அதுவும் பாய் பிடிக்கத் தெரியாமலேயே புறப்பட்டு, தென்னாப்பிரிக்கா வரை போய் விலகிக்கொண்டவர். தெரியாதவர்களையும் கடலுக்கு அழைத்துப் போகலாம் என்று அவருக்குத் தோன்றியதில் என்ன வியப்பு! அவருடைய போட்டி 2004–05 சுற்றோடு நின்றுபோனது, கிளிப்பர் நிலைத்தது.

இன்னும் பின்னால் போனால், 1973இல் போர்ட்ஸ்மத்திலிருந்து புறப்பட்ட, உலகைச் சுற்றும் முதல் விட்பிரெட் படகுப் போட்டியையே வென்றது மெக்சிகோவைச் சேர்ந்த ராமோன் கார்லின் என்ற தொழிலதிபரின் சயூலா 2 படகுதான். கடற்படைக் குழுக்களும் பெயர் பெற்ற மாலுமிகளும் கலந்துகொண்ட போட்டி அது. அவரோ சொந்தக் குடும்பத்தாரையும் நண்பர்களையும் ஏற்றிக்கொண்டு போனவர். ஆகவே கிளிப்பரை முதல் போட்டி என்பதைவிட, நீடித்து நிற்கும் போட்டி என்பதே என் கருத்தில் சரி.

சுங்கை சிப்புட் ஆசிரியை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஆபத்தும் செலவும் எவ்வளவு என்பதையும் சொல்வீர்களா? பிள்ளைகளுக்கு வெறும் வீரக்கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

சிங்கையில் வேலை செய்பவன் எழுதியது:

வணக்கம் அக்கா. 2014இல் கிளிப்பர் படகுகள் சிங்கப்பூரில் நின்றிருந்தபோது போய்ப் பார்த்தேன். உள்ளே பார்த்தால் நம் பழைய லயத்து வீட்டு அறையே விசாலம் என்று சொல்லத் தோன்றும். படுக்கை என்பது தொட்டில் போன்ற துணிப்பரண். படகு சாயும்போது ஆள் உருண்டு விழாமல் இருக்க, அதன் ஓரத்தைக் கயிற்றால் ஏற்றி இறக்குகிறார்கள். ஒருவர் காவலுக்கு எழுந்து போனதும் அடுத்தவர் அதே படுக்கையில் வந்து படுக்கிறார், செம்பனை ஆலையில் இரவு ஷிஃப்ட் மாறுவது போலத்தான். செலவைப் பொறுத்தவரை, முழுச் சுற்றுக்கும் இரண்டரை லட்சம் மலேசிய வெள்ளிக்கு மேல் ஆகும்; 'சாதாரண மக்கள்' என்ற சொல்லை அதற்கேற்ற அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விபத்துகளும் உண்டு. 2010 ஜனவரியில் சிங்கப்பூரை நோக்கி வந்துகொண்டிருந்த கார்க் என்ற படகு ஜாவா கடலில் பாறைத்திட்டில் மோதி அழிந்தது; உடன் வந்த படகுகள் அதிலிருந்த அனைவரையும் காப்பாற்றின. 2015–16 போட்டியில் ஒரே படகைச் சேர்ந்த இருவர் வெவ்வேறு கட்டங்களில் இறந்தார்கள். 2017இல் தெற்குப் பெருங்கடலில் ஒருவர் பாதுகாப்புக் கயிற்றை மாட்டியிருந்தும் இறந்தார்: அதன் கொக்கி தளத்தில் இருந்த, கயிறு கட்டும் கட்டை ஒன்றின் அடியில் சிக்கி, பக்கவாட்டில் இழுபட்டு, வளைந்து கழன்றுவிட்டது என்று விசாரணை கூறியது. நேராக இழுத்தால் பெரும் பாரத்தைத் தாங்கும் கொக்கிதான் அது. அதன் பிறகு கொரோனா காரணமாக 2020 மார்ச்சில் பிலிப்பைன்சின் சூபிக் பேயில் போட்டி நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் அங்கிருந்தே தொடர்ந்தது.

உங்கள் வகுப்பு மாணவிகளுக்காக இன்னொன்று: 2017–18 போட்டியை வென்ற படகின் தலைவி வெண்டி டக் என்ற ஆஸ்திரேலியர். உலகைச் சுற்றும் படகுப் போட்டியில் ஒரு பெண் தலைமை தாங்கி வென்றது அதுவே முதன்முறை. இரண்டாவதாக வந்த படகுக்கும் தலைவி ஒரு பெண்தான்.