"சாமி என் காலத் தொடுறதா?"

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து ஃபாதர் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவும் சடங்குக்கு ஆள் சேர்க்கும் வேலை இந்த முறை என் தலையில் விழுந்தது. பெண்களையும் உட்கார வைக்கலாம் என்று 2016 ஜனவரியிலேயே ரோமிலிருந்து ஆணை வந்துவிட்டது. தூத்துக்குடிப் பக்கம் எங்கள் பங்குக் கோயிலில் மட்டும் பன்னிரண்டு பேரும் வேட்டிதான். புதிதாக வந்த ஃபாதர், "ஆறு பேர் பொம்பளைங்களா இருக்கட்டும்மா" என்றார்.

பங்குப் பேரவையில் சண்டை வரும் என்று பயந்தேன். ஒரு பெரியவர் முனகியதோடு சரி. மறுத்தது பெண்கள்தான். சனிக்கிழமைதோறும் கோயில் கூட்டி, பீடத்துணி துவைத்துத் தரும் பெரியம்மா ஒருவர், "சாமி என் காலத் தொடுறதா? பாவம்லா! பித்தவெடிப்பு வேற" என்றார். இன்னொருவருக்கு மெட்டியைக் கழற்றணுமா என்று சந்தேகம். சேலையை எவ்வளவு தூக்குவது, குனிந்தால் முக்காடு நழுவுமே என்று ஆளாளுக்கு ஒரு கவலை. ஆண்கள் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

"பேதுருவும் முதல்ல மாட்டேன்னுதான சொன்னாரு, பெரியம்மா?"

"அவரு ஆம்பள. ஊரு பேசாது."

கடைசியில் நாலு பேர்தான் தேறினார்கள். பெரியம்மா வந்தார், வீட்டிலேயே மஞ்சள் தேய்த்துக் கழுவிவிட்டு! ஃபாதர் ஊற்றிய தண்ணீர் தாம்பாளத்தில் லேசாக மஞ்சளாக விழுந்தது. அவர் குனிந்து பாதத்தை முத்தமிட்டதும் பெரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அடக்கம், பணிவு என்று பிரசங்கத்தில் எங்களுக்குத்தான் சொல்வார்கள். குனிந்து பழகியவர்கள் நாங்கள். முன்னால் வேறொருவர் குனிந்ததைத்தான் பெரியம்மாவால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

மறுமொழி:
நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). 2013இல் ஆந்திராவின் நந்தியால் மறைமாவட்டத்துக்குப் புஷ்பலலிதா என்ற பெண் குரு பேராயராகவே ஆகிவிட்டார். ஆனாலும் எங்கள் சபைக்கு ஒரு பெண் குரு வந்த புதிதில், திருவிருந்தில் அவர் அப்பம் கொடுக்கும் பக்கம் முழங்காலிட ஆள் குறைவு. அந்தப் பக்கம் முதலில் போனது வாலிபப் பையன்கள். பெண்கள் ஐக்கியத்து அம்மாக்கள் கடைசியில்தான் போனார்கள்.

மறுமொழி:
நான் பெந்தெகொஸ்தே. நகை கிடையாது, வெள்ளைச் சேலை, முக்காடு. எனக்கு இதில் வருத்தமில்லை, பிடித்துத்தான் போடுகிறேன். முக்காட்டுக்கு 1 கொரிந்தியர் 11:5ஐக் காட்டுவார்கள். அதே வசனத்தில் பெண் ஜெபம்பண்ணுவதும் தீர்க்கதரிசனம் சொல்வதும் இருக்கிறதே, எங்களுக்கு ஏன் மைக் இல்லை என்று பாஸ்டரிடம் கேட்டேன். "ஆராதனை முடியட்டும், பேசலாம் சிஸ்டர்" என்றார். எத்தனையோ ஆராதனை முடிந்துவிட்டது.