தோழிகள் மோதிக்கொள்ளும் கல்யாண நகைச்சுவைப் படங்கள்: எவை தேறும்?

திரைவிரும்பி கேட்டது:
பெண்களே முன்னின்று நடத்தும் ஆங்கிலக் கல்யாண நகைச்சுவைப் படங்களை அண்மையில் தேடிப் பார்த்து வருகிறேன். 2009இல் வந்த ‘பிரைட் வார்ஸ்’ ஏமாற்றிவிட்டது. நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் இரண்டு தோழிகளின் திருமணமும் ஒரே நாளில் பதிவாகிவிட, ஒருத்தியின் தலைமுடி நீலமாகிறது, மற்றவளின் தோல் ஆரஞ்சு நிறத்துக்குப் போகிறது. சிறு வயது முதல் ஒன்றாக வளர்ந்தவர்கள் ஒரு தேதிக்காக ஏன் இந்த அளவுக்கு இறங்குகிறார்கள் என்பது மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. இதே கருவை ஒழுங்காகக் கையாண்ட படம் உண்டா?

மாடிவீடு:
‘பிரைட்ஸ்மெய்ட்ஸ்’ (2011) பாருங்கள். நாயகியாக நடித்த கிறிஸ்டன் விக், ஆனி மமோலோவுடன் சேர்ந்து எழுதியது. ஆஸ்கரில் திரைக்கதைக்கும், துணை நடிகை மெலிசா மெக்கார்த்திக்கும் பரிந்துரை பெற்றது. பொருளாதார மந்தத்தில் கேக் கடையை இழந்து நிற்கும் நாயகிக்கு (கதையிலும் அவள் பெயர் ஆனிதான்) மிஞ்சியிருப்பது, கல்யாணம் செய்துகொள்ளப்போகும் தோழி லிலியனின் நட்பு ஒன்றுதான். அதையும் ஹெலன் என்ற பணக்காரத் தோழி பங்குபோட வருகிறாள். லிலியனின் நிச்சயதார்த்த விருந்தில் ஆனியும் ஹெலனும் வாழ்த்துரை வழங்கும் காட்சியில், ஒருத்தி பேசி முடித்ததும் மற்றவள் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறாள். கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்ற வீம்பு முற்றி, பேச்சு பாட்டில் போய் நிற்கிறது. ஒரு கடுஞ்சொல்கூட இல்லாமல் நடக்கும் சண்டை அது. சிரிப்பு வருகிறது, ஆனால் ஆனியின் பயமும் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

கடல்புறா:
அந்தக் காட்சியைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லோரும் கொண்டாடும், துணிக்கடையில் வயிறு கலங்கும் காட்சி இல்லாமலேயே படம் நின்றிருக்கும் என்பது என் எண்ணம். உங்கள் கேள்விக்கு இன்னும் பொருத்தமானது, டோனி கொலெட் நடித்த ஆஸ்திரேலியப் படமான ‘மியூரியல்ஸ் வெட்டிங்’ (1994). மணப்பெண்ணாகிவிட்டால் தன்னை ஒதுக்கியவர்கள் மதிப்பார்கள் என்று நம்பும் மியூரியல், குடியுரிமை தேவைப்படும் ஒரு நீச்சல் வீரனைப் பணத்துக்காக மணக்கிறாள். அன்று அவளுக்கு மணத்தோழிகளாக நிற்பவர்கள் முன்பு அவளைக் கழற்றிவிட்ட அதே பெண்கள். உயிர்த்தோழி ரோண்டாவோ சக்கர நாற்காலியில் வேடிக்கை பார்க்கிறாள். இங்கே போட்டி இரண்டு பெண்களுக்கு இடையில் இல்லை, ஊர் மெச்சும் கல்யாணத்துக்கும் நட்புக்கும் இடையில்தான்.

தெற்குவாசல்:
அதே இயக்குநர் பி. ஜே. ஹோகன்தான் 1997இல் ஜூலியா ராபர்ட்ஸை வைத்து ‘மை பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ் வெட்டிங்’ எடுத்தார். நண்பனின் கல்யாணத்தைக் கெடுக்க நினைக்கும் நாயகி, பாட வராத மணப்பெண்ணை அவமானப்படுத்த அவளைக் கரோக்கே மேடையில் ஏற்றிவிட, அவள் அபசுரமாகப் பாடியே எல்லோர் மனத்தையும் பிடித்துவிடுகிறாள். சூழ்ச்சி செய்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கலகலப்பு வேண்டுமென்றால் இதிலிருந்து தொடங்குங்கள். ‘மியூரியல்’ படத்தை நகைச்சுவை என்று மட்டும் நம்பிக் குடும்பத்தோடு உட்கார வேண்டாம். அதில் தாயின் முடிவு மிகக் கனமானது.