குகைப் பசங்க (சேலம் குகைப் பகுதி நண்பர்களின் அரட்டைக் குழு): பொங்கல் திட்டம்

செந்தில்: டேய், பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். மாட்டுப் பொங்கல் காலையில் அம்மா, வீட்டுக்காரி, பிள்ளைகளோடு ஏற்காடு. அதற்கு முன்னால் நாம் நாலு பேரும் உட்கார்ந்தாகணும். மூணு வருஷம் ஆச்சு.

பாபு: பொங்கல் ராத்திரியே வைத்துக்கொள்ளலாம் மாப்ளே.

சலீம்: ராத்திரி குடித்துவிட்டு விடிந்ததும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறப் போகிறானா?

செந்தில்: 11 மணிக்கு நிறுத்திவிட்டால் காலையில் தெளிந்துவிடும்டா.

சலீம்: உனக்குத் தெளிந்த மாதிரி இருக்கும், ரத்தத்துக்குத் தெளியாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினாலே கேஸ். அடிவாரத்தில் நிறுத்தி ஊதச் சொன்னால், அம்மா முன்னாடி ஊதுவாயா?

பாபு: 😂😂

பாபு: அப்போ மாட்டுப் பொங்கல் ராத்திரி?

கார்த்தி: அன்றைக்குத் திருவள்ளுவர் தினம். டாஸ்மாக் கிடையாது. கள்ளுண்ணாமை என்று தனி அதிகாரமே எழுதியவர் பெயரில் வரும் நாள்.

பாபு: முதல் நாளே வாங்கி வைப்போம்.

செந்தில்: அன்று ராத்திரி நான் மலையில் தங்குகிறேன்டா. மறுநாள் காணும் பொங்கல் கூட்டம் ஏறுவதற்குள் இறங்கி, அப்படியே பெங்களூரு.

கார்த்தி: 1937 அக்டோபர் 1. ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்ததே நம்ம சேலம் ஜில்லாவில்தான். அந்த ராசி இன்னும் விடவில்லை.

பாபு: வாத்தியாரே, பாடம் போதும். நாளைச் சொல்.

கார்த்தி: போகி?

செந்தில்: சாயங்காலம் காப்புக் கட்டு. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ எல்லாம் நான்தான் வாசலில் செருகணும். நாற்றத்தோடு நுழைந்தால் அம்மா பொங்கல் பானையை என் தலையில் கவிழ்த்துவிடும். போகிக்கு முதல் நாள்?

பாபு: அன்று ராத்திரிதான் நான் சென்னையில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறுகிறேன். விடியுமுன் ஜங்ஷன். அந்நேரம் டீதான் குடிக்கலாம்.

கார்த்தி: அப்படியென்றால் போகி மதியம். கடை 12 மணிக்குத் திறக்கும். அயோத்தியாப்பட்டணத்தில் என் மாமனார் தோட்டம். 4 மணிக்கு மூட்டை கட்டிவிடணும்.

செந்தில்: 👍

பாபு: சைடிஷ்?

கார்த்தி: தட்டுவடை செட். ஆனால் பார்சல் கட்டக் கூடாது. கடையில் நின்று தின்றால்தான் அது செட்; தோட்டம் போய்ச் சேருவதற்குள் நமுத்துவிடும். தட்டை தனி, இரண்டு சட்னியும் தனி, துருவிய பீட்ரூட், கேரட் தனியாக வாங்கி அங்கே அடுக்கலாம். நொறுக்கலுக்கும் அதே தட்டைதான், கையால் உடைத்துப் போட்டால் ஆச்சு.

பாபு: போன தடவை நீ அடுக்கியதில் சட்னியே இல்லை.

கார்த்தி: போன தடவை எனக்குச் சட்னிக் கிண்ணம் நாலாகத் தெரிந்தது. எதில் தொடுவது?

சலீம்: பிரியாணி எங்கள் வீட்டிலிருந்து. எனக்கு வழக்கம்போல சோடா. போகவர வண்டியும் நானே ஓட்டுகிறேன். செந்தில், போகி காலையிலேயே உன் காரைப் பட்டறையில் விடு, பிரேக் பார்க்கணும். மலையிலிருந்து இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வா. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பாதி மலையில் பிடிக்காமல் போகும்.

செந்தில்: சரிங்க முதலாளி. வீட்டில் மட்டும் யாரும் மூச்சு விடாதீர்கள்.

(மறுநாள்)

சலீம்: இன்று உன் அம்மா பட்டறைப் பக்கம் வந்தார்கள். போகி மதியம் எல்லோரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள்.

செந்தில்: நீ என்ன சொன்னாய்???

சலீம்: தோட்டம் என்றேன். மிச்சத்தை அவர்களே சொல்லிவிட்டார்கள். "ஆறு மணிக்குள் குளிச்சிட்டுக் காப்புக் கட்ட வந்துடணும். பாபுவுக்கு ரெண்டுக்கு மேல ஊத்தாதீங்க, அழுவான்."

பாபு: ஒரே ஒரு தடவைதான் அழுதேன்.

கார்த்தி: ஆவாரம்பூ யார் வாங்குவது?

சலீம்: நானே வாங்குகிறேன். நாலு மணிக்கு மேல் உங்களை அனுப்பினால் கனகாம்பரத்தோடு வருவீர்கள்.