கலைச்சொல் விவாதம்: பழுதறி முறை, வெறும் முறை, எது பொருந்தும்?

அனைவருக்கும் வணக்கம்.

உலாவி திடீரென மெதுவானால் என்ன செய்வது என்ற உதவிப் பக்கத்தைத் தமிழாக்கும்போது ஒரு சொல் இடிக்கிறது. கோளாறின் காரணத்தைத் தேடுவதற்காக ஃபயர்பாக்ஸ் உலாவியைக் கூடுதல் வசதிகள் இல்லாமல் திறக்கும் முறை ஒன்று உண்டு. அது முன்பு "சேஃப் மோட்" என்று இருந்தது, 2021 ஏப்ரலில் வந்த 88ஆம் பதிப்பில் "டிரபிள்ஷூட் மோட்" ஆகிவிட்டது. நாம் இன்னும் "பாதுகாப்பான பயன்முறை" என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். அதைப் படிப்பவர், வங்கிக் கணக்கைத் திறக்க இதுதான் சரியான இடம் என்று எண்ணுவார். உண்மையில் அங்கே விளம்பரத் தடுப்பான் உட்பட எல்லா நீட்சிகளும், அதாவது உலாவியில் நாம் சேர்த்த கூடுதல் கருவிகள் அனைத்தும், நின்றுபோகின்றன. பாதுகாப்பு கூடுவதில்லை, சிலருக்குக் குறையவும் செய்யும்.

"பழுதுபார்க்கும் முறை" என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. அதையும் ஏற்க முடியவில்லை. பழுதுபார்ப்பது என்றால் சரிசெய்வது. பட்டறையில் வண்டியை விட்டால் ஓடும் நிலையில் திரும்பி வரவேண்டும். இந்த முறை எதையும் சரிசெய்யாது. நீட்சிகள், தோற்றங்கள், வன்பொருள் முடுக்கம் (படம் வரையும் வேலையை வரைகலைச் சில்லிடம் ஒப்படைப்பது), ஜாவாஸ்கிரிப்டை ஓடும்போதே எந்திர மொழியாக்கும் உடனடித் தொகுப்பி ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். மூடிவிட்டு வழக்கம்போல் திறந்தால் மெதுவும் கூடவே திரும்பி வரும். "பழுதுபார்த்தாயிற்றே, பிறகும் ஏன் இப்படி?" என்ற கேள்விக்கு நாமே வழி வைத்தது போலாகும்.

ஆகவே என் முன்மொழிவு: பழுதறி முறை. பழுது எங்கே என்று அறிய உதவும் முறை. சொல் குறுகியது, பட்டியில் ஒரே வரியில் அடங்கும்.

---

> ஆகவே என் முன்மொழிவு: பழுதறி முறை.

ஐயா, வணக்கம்.

"பாதுகாப்பான" போகவேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் "பழுது" எங்கள் பக்கம் வேறு வாசனை தரும். யாழ்ப்பாணத்தில் கறி பழுதாய்ப் போச்சு என்றால் கெட்டுவிட்டது என்று பொருள். உலாவி கெட்டுப்போகவில்லை, சுணங்குகிறது.

"வெறும் முறை" என்று வைத்தால் என்ன? வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பது ஏன்? சாப்பாட்டின் சர்க்கரை கலக்காமல் உடம்பின் சர்க்கரை மட்டும் தெரியவேண்டும் என்பதற்காக. இங்கும் அதே வேலைதான். மேலே போட்ட நீட்சிகளைக் கழற்றிவிட்டு உலாவியை மட்டும் பார்க்கிறோம். எந்த ஊர்த் தமிழருக்கும் புரியும்.

பெயர் எதுவானாலும் பக்கத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தே ஆகவேண்டும். முதலாவது, இந்த முறைக்குப் போகுமுன் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்திப் பணி மேலாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கீற்றும் (உலாவியில் திறந்திருக்கும் ஒவ்வொரு பக்கத் தாவலும்) எவ்வளவு நினைவகம், எவ்வளவு செயலி எடுக்கிறது என்று அங்கே தெரியும். ஒரே ஒரு கீற்று செயலியைத் தின்றுகொண்டிருந்தால் அதை மூடினாலே போதும்.

இரண்டாவது பலரை ஏமாற்றும் இடம். உடனடித் தொகுப்பி நின்றிருப்பதால், நிலப்படம், விரிதாள், விளையாட்டு போன்ற கனமான பக்கங்கள் இந்த முறையில் எப்படியும் தள்ளாடும். அதை வைத்து "நீட்சி காரணமில்லை" என்று முடிவு கட்டினால் தவறு. எளிய செய்திப் பக்கம் ஒன்றைத் திறந்து உருட்டிப் பாருங்கள், பட்டியை விரியுங்கள், முகவரிப் பெட்டியில் தட்டச்சு செய்யுங்கள். ஒப்பீட்டை அங்கே செய்யவேண்டும்.

---

> "வெறும் முறை" என்று வைத்தால் என்ன?

ஐயா,

வெறும் வயிறு அருமையான உவமை. விளக்கப் பத்தியில் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பெயராக வைக்கத் தயங்குவதற்குக் காரணம், இந்த முறையில் உலாவி வெறுமையாக இல்லை. குக்கிகள், வரலாறு, கடவுச்சொற்கள், நீங்கள் கைவைத்து மாற்றிய உள்ளமைவுகளில் பலவும் அப்படியே இருக்கின்றன. இவற்றையெல்லாம் உலாவி சேமித்து வைக்கும் கோப்புறைக்குச் சுயவிவரம் என்று பெயர். உண்மையில் வெறுமையானது புதிய சுயவிவரம். இந்த முறையிலும் மெதுவாகவே இருந்தால் அடுத்த படி அதுதான்: புதிய சுயவிவரம் ஒன்றை உருவாக்கி அதில் திறந்து பார்ப்பது. "வெறும்" என்ற சொல்லை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே என்ன சொல்வோம்?

பழுதறி முறையில் வேகம் திரும்பினால் காரணம் இரண்டில் ஒன்று என்று வைத்துக்கொண்டு பிரிக்கலாம். வழக்கமான முறைக்குத் திரும்பி, அமைப்புகளில் பொது என்ற பகுதியில் செயல்திறன் என்ற இடத்துக்குப் போய், பரிந்துரைத்த அமைப்புகள் என்ற குறியை எடுத்தால் கீழே வன்பொருள் முடுக்கம் தெரியும். அதன் குறியையும் எடுத்துவிட்டு உலாவியை மூடித் திறக்கவேண்டும். வேகம் வந்தால் சந்தேகம் வரைகலை இயக்கியின் மேல், அதாவது வரைகலைச் சில்லை இயக்கும் மென்பொருளின் மேல். வராவிட்டால் நீட்சிகள். எட்டு நீட்சிகள் இருந்தால் ஒவ்வொன்றாக அணைக்கவேண்டாம். நான்கை அணைத்துப் பார்த்து, பழுது எந்தப் பாதியில் என்று தெரிந்ததும் அதில் இரண்டு, பிறகு ஒன்று. குற்றவாளி ஒன்றே என்றால் மூன்று சுற்றில் முடிந்துவிடும்.

"பழுது" பற்றிய உங்கள் மறுப்புக்காகக் "கோளாறறி முறை" என்றும் எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், "றறி" நாக்கில் சிக்குகிறது. பழுதறியையே கேட்கிறேன்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. இந்த முறைக்குப் போகுமுன் உலாவி காட்டும் பெட்டியில் இரண்டு பொத்தான்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன: ஒன்று "திற", மற்றது ஆங்கிலத்தில் "ரிஃப்ரெஷ்". இரண்டாவதை "புதுப்பி" என்று எழுதினால் விபத்து. புதிய பதிப்பை நிறுவுவதற்கும் நாம் "புதுப்பி" என்றுதான் எழுதுகிறோம். மெதுவான உலாவியோடு போராடுபவர், புதுப்பித்தால் நல்லதுதானே என்று அழுத்துவார். நீட்சிகள் முழுக்கப் போய்விடும், செய்த மாற்றங்களும் போய்விடும். புத்தகக்குறிகள், வரலாறு, கடவுச்சொற்கள், குக்கிகள் தங்கும். பழைய சுயவிவரம் மேசைத்தளத்தில் ஒரு கோப்புறையாக வந்து விழும். அது என்ன என்று தெரியாமல் அழித்தும்விடுவார்.

---

ஐயா, சுயவிவர வாதத்தை ஏற்கிறேன். பழுதறி முறை இருக்கட்டும். "வெறும்" புதிய சுயவிவரத்தின் விளக்கத்துக்குப் போகட்டும்.

பொத்தானுக்கு: "தொடக்க நிலைக்குத் திருப்பு". நீளம்தான், ஆனால் அழுத்துமுன் ஒரு நொடி நிற்கவைக்கும். அதன் கீழே ஒரு வரி சேர்க்க இடமிருந்தால்: "நீட்சிகள் நீங்கும். புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் இருக்கும்."

இன்னொன்று. லினக்ஸில் முனையம் வழியாகத் திறப்பவருக்குக் கட்டளையில் பழைய "சேஃப் மோட்" பெயரே இன்றும் வேலை செய்கிறது. விண்டோஸில் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு திறப்பவருக்குப் பெயரே தேவையில்லை. ஆகவே உதவிப் பக்கத்தின் முதல் வரியில் "முன்பு பாதுகாப்பான பயன்முறை எனப்பட்டது" என்று ஒரே ஒருமுறை போடுங்கள். பழைய சொல்லால் தேடி வருபவரும் வந்து சேர்வார்.